விழப்போற பல்லுதானே?

1993-இல் காலாப்பட்டில் கிளினிக் திறந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். மீனவர் தெருவிலிருந்து ஓர் ஆயா, ஐந்து வயதுப் பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் இடது கன்னம் பணியாரம்போல உப்பியிருந்தது. மூன்று ராத்திரியாகத் தூக்கமில்லை. கிராம்பு வைத்துப் பார்த்தாயிற்று, உப்புத் தண்ணீர் கொப்பளித்தாயிற்று, கடைசியாக என்னிடம் வந்திருந்தார்கள். நான் வாயைத் திறந்து பார்ப்பதற்குள் ஆயா தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "விழப்போற பல்லுதானேம்மா, புடுங்கி வுட்டுடு."

எனக்கும் அப்போது அது சரியாகத்தான் பட்டது. வீக்கம் வடிய மருந்து கொடுத்து, நான்கு நாள் கழித்துக் கீழ்வரிசையில் இரண்டு பால் கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினேன். குழந்தை அதிகம் அழவில்லை. மறுநாள் காலை கிளினிக் வாசலில் ஒரு பை நெத்திலி இருந்தது. 'வலிக்காமப் புடுங்குற டாக்டரம்மா' என்று ஊருக்குள் பேர் பரவியது. புது டாக்டருக்கு வேறென்ன வேண்டும்?

ஆறு வருஷம் கழித்து அதே பெண் வந்தாள். கீழே இடது பக்கம் ஒரு பல் வரிசையை விட்டு விலகி, நாக்குப் பக்கமாக முளைத்திருந்தது. பேசும்போதெல்லாம் நாக்கில் உரசிப் புண்ணாகியிருந்தது. பார்த்ததுமே விளங்கிவிட்டது. நான் காலியாக விட்ட இடத்தை, பின்னால் இருந்த பெரிய பல் முன்னால் சாய்ந்து பிடித்துக்கொண்டிருந்தது. உரியவன் வந்து பார்த்தபோது உட்கார இடமில்லை. "இது நான் செஞ்ச தப்பு ஆயா" என்றேன். அவர் விடவில்லை. "நான் சொல்லித்தானே நீ புடுங்கினே" என்று என்னையே தேற்றினார்.

விழப்போற பல்தான், மறுக்கவில்லை. ஆனால் எப்போது விழும்? முன்பக்கத்துப் பால்பற்கள் ஆறேழு வயதில் விழுந்துவிடும். கடைவாய்ப் பால்பற்கள் பத்து வயதுக்கு மேலும் இருக்கும், சில பிள்ளைகளுக்குப் பன்னிரண்டு வரைக்கும் இருக்கும். ஐந்து வயதில் அதைப் பிடுங்கினால் ஐந்தாறு வருஷம் அந்த இடத்துக்குக் காவல் இல்லை. இதைப் படம் போட்டு விளக்கிப் பார்த்தேன், யாருக்கும் ஏறவில்லை. ஒருநாள் டவுன் பஸ்ஸில் வரும்போது வழி கிடைத்தது. "ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டு புடிக்கிறோமில்ல? பால்பல்லுன்னா அந்தத் துண்டு. துண்ட எடுத்துட்டா பக்கத்துல நிக்கிறவன் உக்காந்துடுவான்." அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பிடுங்கியே தீர வேண்டிய பல் என்றால், இப்போது அந்த இடத்தில் ஒரு கம்பி வளையத்தை மாட்டி இடத்தைக் காக்கிறோம். எங்கள் கிளினிக்கில் அந்த வளையத்துக்குப் பெயரே துண்டுதான்.

காலாப்பட்டைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. புதுச்சேரியிலிருந்து வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் வந்தால் கோட்டக்குப்பத்தில் தமிழ்நாடு தொடங்கிவிடும். பொம்மையார்பாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் மறுபடியும் புதுச்சேரி. பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லைக்கோட்டின் விளையாட்டு இது. கிழக்கே கடலும் மீனவக் குப்பங்களும். மேற்கே 1985-இல் வந்த மத்தியப் பல்கலைக்கழகம். அதன் பேராசிரியர்கள் இந்தியாவின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்தவர்கள். என் கிளினிக் பெஞ்சில் மீன்கூடை அக்காவும் முனைவர் பட்டம் வாங்கிய அம்மாவும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் தமிழில் கேட்பார், இன்னொருவர் ஆங்கிலத்தில் கேட்பார். கேள்வி ஒன்றுதான்: விழப்போற பல்லுதானே?

படித்த வீட்டில் சொத்தை குறைவாக இருக்கும் என்று நினைத்துத்தான் இந்த ஊருக்கு வந்தேன். அந்த நினைப்பு ஒரே வருஷத்தில் உடைந்தது. குப்பத்துப் பிள்ளை டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றது. கேம்பஸ் பிள்ளை டப்பா ஜூஸை ஸ்ட்ரா போட்டு ஒரு மணி நேரம் உறிஞ்சியது. பல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் கணக்கு. ஒவ்வொரு தடவை சர்க்கரை உள்ளே போகும்போதும் வாயிலுள்ள கிருமிகள் அமிலம் சுரக்கின்றன. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரமாவது வேண்டும். அந்த அரை மணி கிடைக்காமல் அடுத்த பிஸ்கட் வந்தால் பல் தோற்கிறது. 2002-03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நாடு முழுக்க எடுத்த கணக்கில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 51.9 சதவீதம் பேருக்குச் சொத்தை இருந்தது. பதினைந்து வயதில் அது 63.1 சதவீதம். என் பெஞ்சைப் பார்த்துப் பழகிய எனக்கு அந்த எண் ஆச்சரியம் தரவில்லை.

கைக்குழந்தைகளிடம் நான் பார்த்தது வேறு கதை. ஒன்றரை வயது, இரண்டு வயதுக் குழந்தை. மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கரைந்து, கறுத்து, ஈறோடு நிற்கும். கீழ்ப்பற்கள் மட்டும் முத்துப்போல இருக்கும். அந்த வாயைப் பார்த்தாலே வீட்டின் ராத்திரி தெரிந்துவிடும். பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தைக்கு, பால் மேல் பல்லைச் சுற்றித் தேங்கும். கீழ்ப்பல்லை நாக்கு மூடிக் காப்பாற்றிவிடும். தூக்கத்தில் எச்சிலும் அதிகம் சுரக்காது. பால்பல்லின் மேல்பூச்சு நம் பல்லில் உள்ளதில் பாதி கனம்தான் இருக்கும். ஆறே மாதத்தில் நரம்பு வரை போய்விடும்.

இளம் வயதில் இந்தத் தாய்மார்களிடம் கோபப்பட்டேன். "ராத்திரி பாட்டில் குடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று ஓர் அக்காவிடம் கத்தியிருக்கிறேன். அவர் அமைதியாகச் சொன்னார்: "விடியக்காலம் மூணு மணிக்கு மீன் ஏலத்துக்குப் போவணும் டாக்டரம்மா. பெரியவளுக்குப் பத்து வயசு. அவதான் புள்ளயப் பாத்துக்கறா. பாட்டில் இல்லாட்டி அவளும் தூங்க மாட்டா, காலைல பள்ளிக்கூடம் போவ மாட்டா." அன்றிலிருந்து கத்துவதை விட்டேன். அந்தப் பத்து வயதுக்காரியைக் கிளினிக்குக்கு வரச்சொன்னேன். பாட்டிலில் சர்க்கரையை வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைக்கவும், பிறகு பாலில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரைக் கூட்டவும், கடைசியில் ராத்திரிப் பாட்டிலில் வெறும் தண்ணீர் மட்டும் வைக்கவும் சொல்லிக்கொடுத்தேன். ஈரத்துணியை விரலில் சுற்றிப் பல்லைத் துடைக்கப் பழக்கினேன். இரண்டு மாதத்தில் அவள் செய்துகாட்டினாள். என்னிடம் பாடம் கேட்டவர்களில் அவளைப்போல ஒருவர் இல்லை. குழந்தையின் பல்லை யார் கவனிக்கிறார்களோ அவர்களிடம்தான் பேச வேண்டும். அது அம்மாவாகவே இருக்க வேண்டும் என்று இல்லை.

பல் முளைக்கும் பருவத்து நம்பிக்கை ஒன்று எனக்கு இன்னும் பயம் தருகிறது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால், "பல்லு மொளைக்குது, அதான்" என்று விட்டுவிடுவார்கள். தொண்ணூறுகளில் ஓர் எட்டு மாதக் குழந்தையை, "பல்லு எப்ப வெளிய வரும்னு பாருங்க" என்று கொண்டுவந்தார்கள். கண் குழி விழுந்து, உதடு காய்ந்து, அழுதால் கண்ணீர் வரவில்லை. ஈறைப் பார்க்கவே இல்லை நான். தெருமுனையில் நின்ற வண்டியில் ஏற்றி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டது. பல் முளைக்கும்போது ஜொள்ளு வடியும், ஈறு ஊறும், குழந்தை சிணுங்கும். அவ்வளவுதான். அந்த வயதில் கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைப்பதால் கிருமி போகிறது, வயிறு போகிறது. பழி பல்லின் மேல். உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதை, பல் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இன்னொரு நம்பிக்கை, பல்லில் பூச்சி இருக்கிறது என்பது. 'பூச்சிப்பல்' என்ற சொல்லே அதிலிருந்து வந்ததுதான். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்து, பூச்சி எடுத்துக் காட்டும் ஒரு பாட்டி பக்கத்துக் கிராமத்தில் இருந்தார். ஆரம்பத்தில் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒருமுறை நேரில் போய்ப் பார்த்தேன். வலியில் துடித்த பையனின் தலையை மடியில் வைத்து, நெற்றியைத் தடவி, கதை சொல்லி, பதினைந்து நிமிடம் அவனோடு இருந்தார். பூச்சி பொய். அந்தப் பதினைந்து நிமிடம் பொய்யில்லை. என் கிளினிக்கில் ஒரு குழந்தைக்கு நான் அப்போது கொடுத்துக்கொண்டிருந்தது ஐந்து நிமிடம்.

இங்கே ஒரு தப்பை ஒத்துக்கொள்ள வேண்டும். நான் படித்த காலத்தில், அலறும் குழந்தையை அடக்க ஒரு முறை பாடப்புத்தகத்திலேயே இருந்தது. உள்ளங்கையால் வாயைப் பொத்தி, காதருகில் மெல்லிய குரலில், அழுகையை நிறுத்தினால் கையை எடுப்பேன் என்று சொல்ல வேண்டும். நானும் செய்திருக்கிறேன். குழந்தை அடங்கும், வேலை முடியும். அமெரிக்கக் குழந்தைகள் பல் மருத்துவர் சங்கம் 2006-இல் அந்த முறையைத் தன் வழிகாட்டுதலிலிருந்து எடுத்துவிட்டது. நான் அதற்குச் சில வருஷம் முன்பே விட்டுவிட்டேன், ஆனால் செய்தது செய்ததுதான். சில வருஷத்துக்கு முன் ஓர் இளைஞர் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். மனைவியும் குழந்தையும் உள்ளே வந்தார்கள். அவர் மட்டும் வாசலிலேயே நின்றார். "உள்ள வாங்க தம்பி" என்றேன். "பரவால்ல டாக்டர், சின்ன வயசுல இங்க வந்திருக்கேன்" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது முதல் தடவை வரும் குழந்தைக்கு நான் வேலை எதுவும் செய்வதில்லை, வலியோடு வந்தால் தவிர. நாற்காலி மேலே போகும், கீழே வரும். கண்ணாடியைக் கையில் கொடுப்பேன். எச்சில் உறிஞ்சும் குழாய்க்குப் பெயர் யானைத் தும்பிக்கை. மிஷினை முதலில் என் நகத்தில் ஓடவிட்டுக் காட்டி, பிறகு குழந்தையின் நகத்தில், பிறகுதான் பல்லில். சொல், காட்டு, செய். இந்த வரிசையைப் பல் மருத்துவ உலகம் 1950களின் கடைசியிலேயே எழுதி வைத்துவிட்டது. என் கைக்கு வரத்தான் தாமதம். பெற்றவர்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே ஒன்று: வீட்டில் சேட்டை செய்தால் "டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்வேன்" என்று மிரட்டாதீர்கள். அந்த மிரட்டலின் விலையைக் கொடுப்பது நான்.

ஆறு வயதில் வரும் ஒரு பல்லைப் பற்றி எத்தனை பள்ளி முகாமில் பேசியிருப்பேனோ, எண்ணிக்கை இல்லை. முன்பல் விழுந்து முளைப்பதை வீடே கொண்டாடும். விழுந்த பல்லைச் சாணியில் உருட்டிக் கூரைமேல் போடுவோம். ஆனால் அதே சமயத்தில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், எந்தப் பல்லும் விழாமல், ஓசையில்லாமல் ஒரு பெரிய பல் வருகிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. யாருக்கும் தெரியாது. அது பால்பல் இல்லை. சாகும்வரை மென்று தின்னப் போகும் பல். அதன் மேல் பள்ளங்கள் ஆழமாக இருக்கும். முழுதாக வெளியே வர ஒரு வருஷம்வரை ஆகலாம். அதுவரை பக்கத்துப் பல்லைவிடத் தாழ்ந்தே இருப்பதால் பிரஷ் அதில் படாது. எட்டு வயதில் அந்தப் பல் ஓட்டையாகி வந்த பிள்ளைகளைப் பார்க்கும்போது, பெற்றவர்கள் "விழப்போற பல்லுதானே?" என்று கேட்பார்கள். இந்த ஒரு இடத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் 'இல்லை'. அந்தப் பள்ளங்களை ஒருவிதப் பூச்சால் மூடிவிடலாம். ஊசி வேண்டாம், வலி இல்லை, பத்து நிமிட வேலை. ஆறு வயது முடிந்ததும் டார்ச் அடித்துக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் பாருங்கள் என்று ஆசிரியர்களிடமும் சொல்லி வைத்திருக்கிறேன்.

பல் விளக்கும் விஷயத்தில் நானே மாற்றிச் சொன்னது உண்டு. என் ஆரம்ப காலத்தில் வீடுகளில் ரோஸ் நிறப் பல்பொடி, உப்பு, கரி, செங்கல் தூள் எல்லாம் இருந்தன. புகையிலை கலந்த பல்பொடியை 1992-இல் அரசு தடை செய்தும், சில ஆயாக்களின் முந்தானையில் அது இருந்தது. மூன்று வயதுவரை குழந்தைக்கு பேஸ்ட் வேண்டாம், விழுங்கிவிடும் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். 2014-இல் அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம், முதல் பல் முளைத்ததிலிருந்தே ஃப்ளோரைடு பேஸ்ட் போடலாம், அளவுதான் முக்கியம் என்று சொன்னது. மூன்று வயதுவரை ஓர் அரிசி மணி அளவு. ஆறு வயதுவரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷ் முழுக்க அலையலையாகப் போடுகிறார்களே, அது கம்பெனிக்கு நல்லது. இந்தியாவில் பேஸ்ட்டில் 1000 பிபிஎம்வரை ஃப்ளோரைடு இருக்கலாம். குழந்தைக்கு வாங்கும் பேஸ்ட்டின் அட்டையில் அந்த எண் இருக்கிறதா என்று பாருங்கள். கார்ட்டூன் படம் போட்ட சில பேஸ்ட்டில் அது இருப்பதே இல்லை. துப்பச் சொல்லுங்கள், உடனே தண்ணீர் விட்டு அலசச் சொல்லாதீர்கள்.

இன்னொன்று. "அவளே வெளக்கிக்குவா டாக்டர்" என்று நான்கு வயதுப் பிள்ளையைப் பெருமையாகச் சொல்வார்கள். தானே தலை பின்னிக்கொள்ளத் தெரியும் வயதுவரை பல்லையும் நீங்கள்தான் விளக்கிவிட வேண்டும். பேன் பார்க்கும்போது மடியில் தலை வைத்துப் படுக்க வைக்கிறோமே, அதே மாதிரி படுக்கவைத்து விளக்குங்கள். வாய் முழுக்கத் தெரியும். ராத்திரி விளக்குவதுதான் முக்கியம், காலையில் விட்டுப்போனாலும் மன்னித்துவிடலாம்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் குப்பங்களுக்குள் கடல் வந்த நாள். அதற்குப் பிறகு சில மாதம் நான் பல் டாக்டராக இல்லை. கஞ்சி ஊற்றினேன், பெயர் எழுதினேன், காயம் கட்டினேன். நிவாரணமாக மூட்டை மூட்டையாக பிஸ்கட் வந்தது. கடலைப் பார்த்தாலே அலறிய பிள்ளைகள் கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு சுகாதாரத் தொண்டர் மட்டும், வந்த பொருள்களில் பிரஷ் பாக்கெட்டைத் தேடியெடுத்து, பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ராத்திரி பல் விளக்க வைத்தார். "எதுக்கும்மா இப்ப இது?" என்று கேட்டேன். "வீட்ல செஞ்ச ஒரு வேலையாவது இங்கயும் செய்யட்டும்னுதான்" என்றார். பல் விளக்குவது ஒரு குழந்தைக்கு என்ன என்று அன்று எனக்கு வேறு மாதிரி புரிந்தது.

கடற்கரை கிரிக்கெட் எனக்குத் தந்த நோயாளிகள் அதிகம். பந்து முகத்தில் பட்டு முன்பல் வேரோடு வந்துவிடும். தொண்ணூறுகளில் ஓர் அம்மா, பத்து வயது மகனின் பல்லை மஞ்சள் துணியில் முடிந்து மறுநாள் கொண்டுவந்தார். பல் கருவாடாகியிருந்தது. வேரின் மேலுள்ள உயிரணுக்கள் காய்ந்துவிட்டால் பல் ஒட்டாது. அதன்பிறகு முகாம்களில் இதையும் சேர்த்துக்கொண்டேன். வேரைத் தொடாமல் மேல்பகுதியைப் பிடித்து எடு. தேய்க்காதே. அழுக்கு இருந்தால் ஒரு தடவை நீரில் அலசி, முடிந்தால் அதே குழியில் பொருத்து. முடியாவிட்டால் பாலில் போட்டு அரை மணிக்குள் ஓடி வா. பல வருஷம் கழித்து ஓர் உடற்பயிற்சி ஆசிரியர், டீக்கடையில் காய்ச்சாத பாக்கெட் பாலை ஒரு டம்ளரில் வாங்கி, அதில் பல்லைப் போட்டுக்கொண்டு பையனோடு பைக்கில் வந்தார். இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. அந்தப் பல் ஒட்டிக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: இது நிலைப்பல்லுக்கு மட்டும். விழுந்தது பால்பல்லானால் திரும்பப் பொருத்தக் கூடாது, உள்ளே வளரும் பல்லைக் கெடுத்துவிடும்.

கையில் எடுக்கும் பொருள்கள் என் கண்ணெதிரே மாறின. முதல் பதினைந்து வருஷம் குழந்தைகளின் கடைவாய்ப் பல்லுக்கும் பாதரசம் கலந்த வெள்ளி அடைப்புதான். பாதரசத்துக்கு எதிரான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் 2022-இல், பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் மிக அவசியமானால் தவிர அதை வைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தன. நான் அதற்கு முன்பே கண்ணாடி அயனோமர் சிமென்ட்டுக்கு மாறியிருந்தேன். பல்லோடு ஒட்டும், ஃப்ளோரைடு கசியும், கரண்ட் இல்லாத பள்ளி வராந்தாவிலும் கைக் கருவியால் சொத்தையைச் சுரண்டி வைத்துவிடலாம்.

சொத்தைப் பல்லை மூடும் எவர்சில்வர் தொப்பியை வைக்கும் முறையில் வந்தது அடுத்த மாற்றம். முன்பெல்லாம் மரத்துப்போக ஊசி போட்டு, பல்லைச் சுற்றி இழைத்து, பிறகுதான் தொப்பி. ஸ்காட்லாந்தில் நார்னா ஹால் என்ற பெண் பல் மருத்துவர், ஊசியும் இழைப்பும் இல்லாமல், சொத்தையைச் சுரண்டாமலேயே தொப்பியைச் சிமென்ட் வைத்து அழுத்திப் பொருத்தி வந்தார். அவர் வைத்த பற்களின் கணக்கைப் பார்த்து 2006-இல் கட்டுரை வந்தபோது, இது என்ன வேலை என்று சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. காற்றும் சாப்பாடும் கிடைக்காமல் அடைபட்ட கிருமி அடங்கிவிடுகிறது. இப்போது நான் வைக்கும் தொப்பிகளில் பெரும்பாலானவை அந்த முறையில்தான். எல்லாப் பல்லுக்கும் சரிப்படாது. நரம்பு பழுத்து வீங்கிய பல்லுக்கு ஆகாது. மற்றதற்கு ஆகும்.

பிறகு கறுப்பு மருந்து. வெள்ளியும் ஃப்ளோரைடும் சேர்ந்த ஒரு சொட்டு. சொத்தையில் தடவினால் அது அங்கேயே நின்றுவிடும், ஆனால் அந்த இடம் கறுத்துவிடும். ஜப்பானில் பல பத்தாண்டுகளாக உண்டு. 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. கேம்பஸ் அம்மாக்கள் "போட்டோவில் தெரியுமே" என்று தயங்குவார்கள். குப்பத்து ஆயா ஒருவர் பேரனின் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "பல்லுக்கும் திருஷ்டிப் பொட்டு வெச்சிட்டியா?" என்று சிரித்தார். ஊசியில்லாமல் முடிந்த வேலைக்கு அவர் கொடுத்த சான்றிதழ் அது.

ஒரு கோடை விடுமுறையில் பிரான்சிலிருந்து தாத்தா வீட்டுக்கு வந்த ஒன்பது வயதுப் பையனைக் காட்டினார்கள். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமைக் குடும்பங்கள் நிறைய. அவன் வாயில் ஒரு சொத்தை இல்லை. நல்ல பழக்கம் என்று பாராட்டினேன். அவன் அம்மா சொன்னார், பிறந்தநாளுக்கு முன்னால் அரசாங்கக் காப்பீட்டிலிருந்து வீட்டுக்குக் கடிதம் வருமாம், பல் டாக்டரிடம் போ, காசு வேண்டாம் என்று. 2007-இல் தொடங்கிய திட்டம். ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்து, பதினெட்டு வயதுகளில் அழைத்தார்கள். பிறகு மூன்று வயதையும் சேர்த்துக்கொண்டார்கள். அதே பையனின் பெரியப்பா மகன், காலாப்பட்டிலேயே வளர்பவன், அதே ரத்தம், அடுத்த வாரம் வீங்கிய கன்னத்தோடு வந்தான். அவனுக்குக் கடிதம் போட யாருமில்லை. அன்றிலிருந்து என் பழைய நோயாளிகளின் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் மாதத்தில் போன் செய்யும் வழக்கம் வைத்திருக்கிறேன். பாதிப் பேராவது வருகிறார்கள்.

பதின்பருவத்துப் பிள்ளைகளிடம் பல்லைவிடக் கண்ணாடியைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறேன். தொண்ணூறுகளில் சாம்பல், பழுப்புக் கோடுகளோடு பல் உள்ள பெண்கள் நிறைய வருவார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். எட்டு வயதுக்குள் டெட்ராசைக்ளின் மருந்து கொடுத்ததன் விளைவு. இப்போது அது அநேகமாக மறைந்துவிட்டது. சிங்கப்பல்லை அழகென்று சொல்லும் ஊர் நம்முடையது. அழகுதான், ஆனால் அதன் இடுக்கில் பிரஷ் போகாது. கம்பி போட வேண்டும் என்றால், "கல்யாணத்துக்கு முன்னாடி பாத்துக்கலாம்" என்பார்கள். பன்னிரண்டு வயதில் ஒன்றரை வருஷத்தில் முடியக்கூடியதை, இருபத்து மூன்று வயதில் முகூர்த்தம் குறித்துவிட்டு மூன்று மாதத்தில் கேட்பார்கள்.

பையன்களிடம் நான் முதலில் பார்ப்பது பல்லை அல்ல, கீழுதட்டின் உட்புறத்தை. சில வருஷமாக அங்கே வெள்ளையாக, சுருங்கிய தோல் திட்டு தெரிகிறது. உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம். பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கக்கூடாது, பள்ளியிலிருந்து நூறு கஜத்துக்குள் விற்கக்கூடாது என்று 2003-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. பொட்டலத்துக்கு அந்தச் சட்டம் தெரியாதுபோல. பதினான்கு வயதுப் பையன் ஒருவனை, அம்மாவை வெளியே அனுப்பிவிட்டு, கண்ணாடியில் அந்தத் திட்டைப் பார்க்க வைத்தேன். திட்டவில்லை. "இது போக மூணு மாசம் ஆகும், நீ விட்டா" என்றேன். மாதம் ஒருமுறை வந்து காட்டினான். திட்டு மறைந்தது. இன்னொருவன் ஒருமுறை வந்ததோடு சரி. அவன் இப்போது எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிடுங்கியது எத்தனை, அடைத்தது எத்தனை என்று கணக்கில்லை. எல்லா மருந்தும் மிஷினும் வந்தபிறகும், என்னிடம் வரும் குழந்தைகளில் பாதிப் பேர் இன்னும் வலி வந்த பிறகுதான் வருகிறார்கள். அதற்கு மருந்து என்னிடம் இல்லை, உங்களிடம்தான் இருக்கிறது.

இன்று ராத்திரி குழந்தையை மடியில் படுக்கவைத்து, மேலுதட்டைக் கட்டைவிரலால் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டிப் பல்லின்மேல் சுண்ணாம்பால் கோடு இழுத்ததுபோல வெள்ளையாகத் தெரிகிறதா? அது சொத்தையின் முதல் படி. வலிக்காது, அதனால் யாரும் வருவதில்லை. அந்தக் கோட்டோடு வந்தால் என் கிளினிக்கில் ஊசி கிடையாது, மிஷின் கிடையாது. ஒரு பிரஷும் கொஞ்சம் ஃப்ளோரைடு பூச்சும் போதும், அந்தக் கோடு அங்கேயே நின்றுவிடும். அது கறுத்து, குழியாகி, ராத்திரித் தூக்கம் போனபிறகு வந்தால், மறுபடியும் நீங்கள் அதே கேள்வியைக் கேட்பீர்கள், நான் பல் பிடுங்கும் குறட்டைத் தேட வேண்டியிருக்கும்.